குற்றப்பெயருக்கு முன்: செம்மரக் கூலிகளும் கலைச் சாட்சியமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசும் படைப்பு, அவர்களை எக்கட்டத்தில் வாசகருக்கு அறிமுகப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தே அதன் சமூகப் பயன் அமைகிறது. 'சோளகர் தொட்டி' நாவலை 'புஷ்பா', 'ஜெய் பீம்' திரைப்படங்களோடு ஒப்பிட்டு, ஜமுனாமரத்தூர்ப் பகுதி மக்களின் அனுபவத்தின் பின்னணியில் இக்கட்டுரை இக்கருத்தை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, செம்மரம், பழங்குடியினர், சாட்சியம், சோளகர் தொட்டி

முன்னுரை

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் தமிழ்நாட்டினர், ஜமுனாமரத்தூர்ப் பகுதியினரும் சித்தேரி மலையினரும் அவர்களுள் அடங்குவர். கடத்தல்காரர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. சிலர் பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டதாகத் தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் சாட்சியம் அளிக்கப்பட்டது. இவ்விரு கூற்றுகளும் மோதும் இடத்தில் 'கடத்தல்காரர்' என்ற சொல்லே முதல் தீர்ப்பாக அமைந்துவிடுகிறது. அச்சொல்லைக் கலை உறுதிசெய்கிறதா, கேள்விக்கு உட்படுத்துகிறதா என்பதே இங்கு எழும் வினா.

உயர்பவனும் உயராதவரும்

சுகுமார் இயக்கிய 'புஷ்பா' (2021) செம்மரக் கூலி ஒருவனையே நாயகனாக்குகிறது. ஆயினும் அவன் கூலியாக இருப்பது கதையின் தொடக்கப் படி மட்டுமே. கடத்தல் குழுவின் தலைமையை எட்டுவதே கதையின் இயக்கம். உயராத பிற கூலிகள் காட்சியின் கூட்டமாக நின்றுவிடுகின்றனர். கூலிக்காகக் கோடரி எடுத்தவருக்கும் கொள்ளை இலாபம் பெறுபவருக்கும் இடையிலான தொலைவு, நாயகனின் ஒரே உடலுக்குள் மறைந்துபோகிறது. இவ்வேறுபாட்டின் மறைவே துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தும் வாதத்துக்கும் அடிப்படை என்பது எண்ணத்தக்கது.

நாவலின் முற்பகுதி

மனித உரிமைச் செயற்பாட்டாளரும் வழக்கறிஞருமான ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004), வீரப்பன் தேடுதல் வேட்டையில் அதிரடிப்படையால் சோளகர் அடைந்த கொடுமைகளைப் பேசுவது. மாதி முதலிய பெண்கள் அனுபவிக்கும் சித்திரவதைக் காட்சிகளே பெரிதும் பேசப்படுகின்றன. எனினும் நாவலின் ஆற்றல் அதற்கு முந்தைய பகுதியில் உள்ளது. வேளாண்மை, வேட்டை, சடங்கு, நிலம் பறிபோதல் என ஊரின் வாழ்வு விரிந்த பின்னரே காவல்படை நுழைகிறது. வழக்கு ஆவணம் குற்றச்சாட்டில் தொடங்கும். நாவல் அதற்கு வெகுமுன்பே தொடங்குகிறது. எனவே குற்றப்பெயர் சூட்டப்படும்போது வாசகர் அம்மனிதரை ஏற்கெனவே அறிந்திருக்கிறார். இங்குச் செயற்பாடு என்பது முழக்கத்தில் இல்லை, கதை வரிசையில் உள்ளது.

இந்நாவலால்தான் நீதி கிடைத்தது எனக் கூறுவது மிகை. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இலேயே நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக்குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு நிவாரணம் பரிந்துரைக்கப்பட்டது. ஆணையம் பாதிப்பைக் கணக்கிட்டது. எத்தகைய வாழ்வு சிதைந்தது என்பதை நாவல் காட்டியது. ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்ய இயலாது.

மீட்பர் மையக் கதை

த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' (2021), 1993இல் நிகழ்ந்த காவல் மரண வழக்கைத் தழுவியது. இருளர் நிலையைப் பரவலான கவனத்துக்குக் கொணர்ந்தது அதன் சாதனை. ஆனால் உண்மை வழக்கில் இறந்தவர் குறவர் சமூகத்தவர். கவனம் ஒரு சமூகத்துக்குக் கிட்டுகையில் மற்றொன்றின் பெயர் மறைகிறது. மேலும், வழக்கறிஞரின் வெற்றியை நோக்கி நகரும் இவ்வடிவம் வென்ற வழக்குகளுக்கே எளிதில் பொருந்தும். அத்தகைய வெற்றி வாய்க்காத மக்களின் கதைக்கு இது போதாது.

முடிவுரை

2015 நிகழ்வைக் கருவாகக் கொண்டு 'ரெட் சேண்டல் வுட்' (2023) என்ற தமிழ்த் திரைப்படமும் வந்துள்ளது. எனினும் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தொடங்கும் எந்தப் படைப்பும், எதிர்த்துப் பேசினாலும், காவல்துறை வகுத்த காலவரிசைக்குள்ளேயே நிற்க நேரும். ஜவ்வாது மலையின் கதை மானாவாரிச் சாமைக் கொல்லையிலிருந்தும், அது போதாமல் வெளியூர்க் கூலிக்கு இறங்கும் பயணத்திலிருந்தும், முன்பணம் நீட்டும் இடைத்தரகரிடமிருந்தும் தொடங்கப்பட வேண்டும். அங்குத் தொடங்கினால், இறந்தவர் யார் என்பதை வாசகர் குற்றப்பெயரின் துணையின்றியே அறிவர்.