திருநள்ளாற்றுப் பதிகமும் சுருதி மருத்துவமும்

நளன் இடர் நீங்கிய தலமாதலின், திருநள்ளாற்றில் தீர்த்தமாடி உடல்நலம் வேண்டி நிற்போர் பலராதல் இயல்பே. அண்மைக்காலத்திலோ, இன்ன நோய்க்கு இன்ன பண்ணே மருந்தென்றும், சுருதியை நொடிக்கு 432 அதிர்வில் நிறுத்தினாலன்றிப் பயனில்லையென்றும் ஒரு கொள்கை உலவுகின்றது. அதற்குத் தேவாரத்தையும் சான்று காட்டுவாருளர். அச்சான்று அக்கொள்கையைத் தாங்குமாவென ஆராய்தல் வேண்டும்.

கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களை வருத்திய நளிர்சுரம் நீங்க ஆளுடைய பிள்ளையார் அருளிய திருநீலகண்டப் பதிகத்தின் பண் வியாழக்குறிஞ்சி. மதுரையில் பாண்டியனது வெப்புநோய் தணித்த திருநீற்றுப் பதிகத்தின் பண் காந்தாரம். இரண்டும் சுரநோயே, பண்ணே மருந்தாயின் இரண்டிற்கும் ஒரு பண் அமைந்திருத்தல் வேண்டுமன்றோ? நளிர்சுரம் வேறு, வெப்பு வேறு, ஆகலின் பண்ணும் வேறாயிற்றென்பாராயின், காந்தாரப் பண்ணமைந்த ஏனைப் பதிகங்களும் வெப்பு தீர்த்தனவாகச் சேக்கிழார் கூறாமை என்னை? செங்குன்றூரில் ஆணையாக நின்றது திருநீலகண்டம். மதுரையில் பூசப்பெற்றது திருநீறு. பண் அவற்றைத் தாங்கி வந்த ஊர்தியாம்.

திருநள்ளாற்றுப் பதிகத்தின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். அனல்வாதத்தின்போது கயிறு சாத்தி எடுத்த ஏட்டில் வந்தது அத்தலத்துப் பதிகம். அதன் பண் பழந்தக்கராகம். அவ்வேட்டைத் தீயிலிடுங்கால் பிள்ளையார் பாடியருளியது அதே தலத்தின்மேற் சாதாரிப் பண்ணமைந்த பிறிதொரு பதிகம். தீயுட் கிடந்து பசுமை மாறாத ஏட்டிலோ எழுத்தன்றி ஒலியில்லை. அவ்வேட்டிற்கு எத்தனை அதிர்வு கணிப்பார்?

இனிச் சுருதியை நோக்குவோம். நம் இசைமரபில் ஆதாரசுருதி பாடுவார் மிடற்றுக்கேற்ப அமைவதேயன்றி ஓரெண்ணிற் கட்டுண்டதன்று. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை உயர்சுருதித் திமிரியை விடுத்துத் தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தைப் பரவச்செய்தார். அதனால் திருக்கோயில் வழிபாட்டின் பயன் குன்றிற்றென எவரும் முறையிட்டிலர். மேலும், 432 என்னும் எண் நொடியென்னும் அளவைச் சார்ந்தது. நொடியோ மக்கள் வகுத்த காலக்கூறு. பிரெஞ்சு அரசு 1859-இல் 435 அதிர்வை நிலைச்சுருதியாக விதித்தது. 1939-இல் இலண்டனிற் கூடிய மாநாடு 440 என்றது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் மக்கள், மூன்றதிர்வு மிகுந்தமையால் நோயுற்றாரென்று சொல்லத் துணிவார் யார்?

இசையால் நோயாளர்க்கு யாதும் பயனில்லையென்பது இதன் கருத்தன்று. அறுவைச் சிகிச்சை பெற்றோரிடத்து நடைபெற்ற 70-க்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து, 2015-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இசை கேட்டோர்க்கு நோவும் கலக்கமும் தணிந்தன. நோவடக்கும் மருந்தின் தேவையும் குறைந்தது. எவ்விசையைத் தெரிந்துகொண்டனர், எப்பொழுது கேட்டனர் என்பவற்றால் விளைந்த வேற்றுமை சிறிதே. மருத்துவமனையிற் றங்கிய நாட்களோ குறைந்தில. சுரத்தால் வாடும் மகவிற்கு மருந்தை நிறுத்திவிட்டு 432 அதிர்வின் ஒலிப்பதிவை இரவெல்லாம் இசைப்பிக்கும் பெற்றோர்க்கு, இவ்வாய்வும் துணையன்று, பெரியபுராணமும் துணையன்று.