அருகில் விளைந்த அரிசி: குமரப்பாவை மறுபடி வாசித்தல்

எங்கள் அடுக்ககத்தில் ஒரு அரிசிக் குழு உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய நாற்பது வீடுகள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ரசாயன உரம் போடாமல் தூயமல்லி பயிரிடும் ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்குகிறோம். நான் மென்பொருள் வேலையில் இருப்பதால் "எக்செல் உனக்குத்தானே வரும்" என்று கணக்கு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதல் வருடம் ஐந்து பேர் ஒரு காரில் அவர் வயலைப் பார்க்கப் போனோம். கேள்விகளைத் தயார் செய்துகொண்டுதான் போனோம். யூரியா போடுவீர்களா, பூச்சிக்கு என்ன செய்வீர்கள், பக்கத்து வயல் மருந்து தண்ணீரோடு இங்கே வருமா. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சேற்றில் ஏழெட்டுப் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டோம். கிளம்பும்போது வரப்போரமாக நின்ற ஒரு அம்மா கேட்டார்: "இந்த அரிசிக்கா அம்மாந்தூரத்துல இருந்து வந்தீங்க? கிலோ இன்னா வெலைக்குப் போவுது தம்பி?" சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் குனிந்துகொண்டார்.

அவருக்கு அன்றைக்குக் கூலி எவ்வளவு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காரில் திரும்பி வரும்போதும் தோன்றவில்லை. ஜே.சி. குமரப்பாவைப் படித்துக்கொண்டிருந்த ஒரு இரவில்தான் எனக்கு அது உறைத்தது. இத்தனைக்கும் அவரை நான் ஏற்கெனவே ஒருமுறை படித்திருந்தேன்.

*

தமிழ்ச் சூழலில் குமரப்பாவின் பெயர் பெரும்பாலும் 'தற்சார்பு' என்ற சொல்லோடு சேர்ந்தே வருகிறது. நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் உண்டாக்கிய ஆர்வத்தில் மரபு நெல்லுக்கும் மரச்செக்கு எண்ணெய்க்கும் பனங்கருப்பட்டிக்கும் வந்து சேர்ந்த என் தலைமுறை, அவரை ஒரு முன்னோடியாக எடுத்துக்கொண்டது. செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் என்று அவர் எழுதியவையெல்லாம் இன்று கடை அலமாரியிலேயே இருக்கின்றன. அதனால் அவரைப் படிக்காமலேயே அவரோடு உடன்படுவது சுலபம். நானும் அப்படித்தான் உடன்பட்டிருந்தேன்.

அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். 1892ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி. 1929ல் காந்தியைச் சந்தித்த பிறகு குஜராத்தின் மாதர் வட்டத்தில் ஊர் ஊராகப் பொருளாதாரக் கணக்கெடுத்தார். 1934ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். அடிப்படையில் அவர் ஒரு ஆடிட்டர். பேரேட்டில் இல்லாத செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற கண் அவருடையது.

அந்தக் கண்ணோடு படித்தால் அவர் புத்தகங்களின் வரிசையே மாறிவிடுகிறது. 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' அதிகம் பேசப்படும் நூல். சிறையில் எழுதியது, காந்தியின் முன்னுரையோடு 1945ல் வந்தது. நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் சேமிப்பை நம்பிய பொருளாதாரம் சண்டையில்தான் முடியும், ஆண்டுதோறும் விளைந்து வருவதை நம்பிய பொருளாதாரம்தான் நிலைக்கும் என்கிறது. எழுபது, எண்பது வருடங்களுக்கு முன் இதைச் சொன்னது பெரிய விஷயம். ஆனால் அந்த நூலின் புகழ்பெற்ற வகைப்பாடு எனக்கு இரண்டாம் வாசிப்பில் அவ்வளவாக உதவவில்லை. ஆட்டைக் கொல்லும் புலி, பிறர் வளர்த்த தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு, தானே கூடு கட்டும் பறவை, கூட்டமாக உழைக்கும் தேனீ, குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என ஐந்து படிகள். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் மனிதர்கள் ஒரே நாளில் இந்த ஐந்தாகவும் இருக்கிறார்கள். காலையில் அரிசிக் குழுவில் தேனீயாக இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பத்து நிமிட டெலிவரியில் ஐஸ்கிரீம் வரவழைக்கும் நான் எந்தப் படியில் நிற்கிறேன்?

எனக்கு உதவியது அதற்குச் சில வருடங்கள் முன் அவர் எழுதிய 'ஒய் தி வில்லேஜ் மூவ்மெண்ட்?' என்ற நூலில் வரும் ஒரு வாதம். கோகோவை எடுத்துக்கொள்கிறார். அது ஆப்பிரிக்காவின் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்திருக்கலாம், பீரங்கிக் கப்பல்கள் காவல் காக்கும் கடல்வழியில் வந்திருக்கலாம், கூலியை நசுக்கும் ஆலையில் பொடியாகியிருக்கலாம். அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இத்தனைக்கும் பங்காளி. பொருளின் விலையைக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. அப்படியானால் எவ்வளவு தூரத்தில் நடப்பதை என்னால் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியுமோ, அந்த வட்டத்துக்குள் என் கொடுக்கல் வாங்கலை வைத்துக்கொள்வதே நேர்மை. சுதேசிக்கு அவர் சொல்லும் அடித்தளம் இதுதான்.

இதைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. அருகில் வாங்கு என்று அவர் சொல்வதற்குக் காரணம் மண்பாசமோ உடல்நலமோ இல்லை. தணிக்கை செய்ய முடியாத கணக்கில் கையெழுத்துப் போடாதே என்கிறார். தொழில்முறைக் கணக்காயரின் அறம் இது.

*

இன்று 'உள்ளூர்' என்றதும் நாம் பேசுவது கிலோமீட்டர். உணவு பயணிக்கும் தூரம் குறைந்தால் கார்பன் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க உணவு பற்றி வெபரும் மேத்யூஸும் 2008ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. உணவினால் வரும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் மொத்தப் பங்கே சுமார் 11 சதவீதம்தான் என்று கண்டது. மீதியில் பெரும்பகுதி விளைவிக்கும் இடத்திலேயே வெளிவருகிறது. எங்கள் அரிசியே நல்ல உதாரணம். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயல் மீத்தேன் விடும். அது மதுராந்தகத்து வயல் என்பதால் குறைவாக விடாது. ஐந்து பேர் காரில் போய்ப் பார்த்து வந்த பெட்ரோலையும் சேர்த்தால் எங்கள் கணக்கு இன்னும் மோசம்.

ஆகவே கிலோமீட்டரை மட்டும் நம்பி உள்ளூர் வாழ்க்கைக்கு வாதாடினால் எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாக ஜெயித்துவிடுவார். குமரப்பாவின் வாதம் அப்படி விழாது. மீத்தேன் வருகிறதா, சரி, போய்க் கேள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் குறையும், அதைச் செய்ய அவருக்கு என்ன தடை என்று கேள். பத்து நிமிட டெலிவரி அரிசியிடம் இதைக் கேட்க முடியாது. இவரிடம் கேட்கலாம்.

*

இங்கேதான் குமரப்பாவோடு எனக்குச் சண்டையும் வருகிறது. பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம், பார்த்தால் பொறுப்பு வரும் என்று அவர் நினைக்கிறார். பார்ப்பது எப்போதும் பொறுப்பில் முடிகிறதா?

இந்திய கிராமத்தைவிட எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற இடம் எது? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு தெருதான் இருந்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே நடந்ததுதான் தீண்டாமை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அத்தனை கடுமையாகப் பேசியதன் காரணம் இதில் இருக்கிறது. தூரம் மட்டுமே அநீதியை மறைப்பதில்லை. பழக்கமும் மறைக்கும், சாதியும் மறைக்கும். கைக்குத்தல் அரிசியின் சத்தைப் பற்றிக் குமரப்பா எழுதியது சரி. ஆனால் குத்தியது யார்? எங்கள் ஆத்தாவிடம் கைக்குத்தல் அரிசியின் பெருமையை ஒருமுறை சொன்னேன். "நீ குத்துறியா?" என்று கேட்டார். ஊருக்கு மில் வந்த நாளை அவர் ஒரு விடுதலை நாளாகத்தான் நினைவு வைத்திருந்தார்.

நாங்களும் அந்தப் பெண்களைப் பார்த்தோம், படமும் எடுத்தோம். களைக்கொல்லி அடிக்காத வயலில் களை எடுப்பது கை வேலை, அதுவும் பெரும்பாலும் பெண்கள் கை. 'ரசாயனம் இல்லாத' என்று பையின் மேல் நாங்கள் பெருமையாகப் படிக்கும் சொல்லுக்குள் அவர்களுடைய முதுகுவலியும் இருக்கிறது. எண்பது கிலோமீட்டர் போயும் அது எங்கள் கணக்கில் ஏறவில்லை.

இதனால் குமரப்பாவைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அருகாமை கேள்வி கேட்க ஒரு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான். கேட்பதும், பதிலுக்கான செலவில் பங்கெடுப்பதும் தனி வேலைகள். முதலாவது தானாக இரண்டாவதாகிவிடும் என்று நம்பியது அவருடைய பலவீனம். நம் 'ஆர்கானிக்' ஆர்வலர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அந்தப் பலவீனத்தைத்தான்.

*

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அவர் பயிர் சாய்ந்தது. அறுத்து வந்ததில் நொய் அதிகம். எங்கள் குழுவில் வந்த முதல் செய்தி: "இந்தத் தடவை குவாலிட்டி சரியில்லை." அடுத்தது வண்டு விழுந்த அரிசியின் படம். ஒரே வாரத்தில் முப்பத்தொரு வீடு பதினாலாகக் குறைந்தது. நானும் எதுவும் பேசாமல் எக்செல்லில் பெயர்களை அழித்துக்கொண்டிருந்தேன். அவர் போன் செய்தபோது இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தேன். "அரிசி வாணாம்னா பரவால்ல சார். முன்னாடியே சொல்லியிருந்தா மில்லுக்காவது போட்டிருப்பேன்" என்றார். குத்தகை நிலம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது பதினொரு வீடுகள் இருக்கின்றன. விதைப்புக்கு முன்பே பாதிப் பணம் கொடுத்துவிடுகிறோம். விளைச்சல் குறைந்தால் எங்களுக்கும் குறையும். எக்செல்லில் களையெடுப்புக் கூலி என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதை நிரப்ப அவரிடம் கேட்டபோது சங்கடப்பட்டார். ஊர்க் கூலியைவிடக் கூட்டிக் கொடுத்தால் பக்கத்து வயல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். போன வருடம் பேசிப் பேசி ஒரு தொகை கூட்டினோம். அரிசி விலையும் ஏறியது, இரண்டு வீடுகள் விலகின. அந்த அம்மாவிடம் இந்தத் தொகை முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று அவரிடமே கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. அடுத்த களையெடுப்புக்கு நான் மட்டும் பஸ்ஸில் போவதாக இருக்கிறேன்.