‘சோளகர் தொட்டி’ நாவலில் நிலமும் உரிமையும்: காங்கேய வட்டாரப் புனைவான ‘நாகம்மாளு’டன் ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) பெரிதும் காவல் வன்முறையின் ஆவணமாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பு, நாவலின் முற்பாதியை வெறும் முன்னுரையாகச் சுருக்கிவிடுகிறது. சோளகரின் நில உரிமை எழுத்தில் ஏறாமற்போனதே பிற்பாதியின் வன்முறைக்கு வழி திறந்தது என்பதை, ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) நாவலை உடன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சோளகர், சீர்காடு, பங்கு, பட்டா, கொங்கு நாவல், திணை

கொங்கின் இரு நிலங்கள்

கொங்கு வட்டார நாவல் என்றதும் ஆய்வாளர் நினைவுக்கு வருவது மேட்டுநிலம். மழை குறைந்த காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. முள்கிளுவை வேலி சூழ, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்க, காங்கேயம் மாடுகள் அங்கே மேயும். இந்நிலம் மேய்ச்சலுக்கானதே எனினும் பொதுநிலம் அன்று. ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஓர் உடைமையாளர் இருக்கிறார். வேலிக்குப் பின்னால் ஒரு பட்டா இருக்கிறது. பர்கூர் மலையிலோ மாடுகள் காட்டுக்குள் பட்டி அமைத்து மேய்க்கப்படுகின்றன. அங்கு மேய்ச்சல் வனத்துறையின் இசைவைச் சார்ந்தது. ஒரே கொங்கு நாட்டின் இருவகை மாடுகள், நிலத்தோடு மனிதர் கொள்ளும் இருவகை உறவுகளையும் சுமந்து நிற்கின்றன.

கொங்குச் சமவெளியை வடமேற்கே சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர் மலைகளும் தெற்கே ஆனைமலைத் தொடரும் சூழ்ந்துள்ளன. பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலை வனப்பகுதியில், மலைப்புலையரும் முதுவரும் வாழும் குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி போன்ற குடியிருப்புகள் இருப்பதை அம்மாவட்டத்தாரிலேயே பலர் அறியார். இலக்கிய ஆய்விலும் இதே நிலைதான். மலை நாவல்களைக் ‘குறிஞ்சித்திணை வாழ்வியல்’ எனத் தனியே பிரித்து, பிறப்புச் சடங்கு, பூப்புச் சடங்கு, மணமுறை, இறப்புச் சடங்கு என வகைப்படுத்திப் பட்டியலிடும் ஆய்வேடுகள் பெருகியுள்ளன. சடங்குகளை அறிவது தேவைதான். ஆயினும் அச்சடங்குகள் நிகழும் நிலம் யாருடையது என்னும் வினா அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. சமவெளி நாவலொன்றை அருகில் வைத்தால் அவ்வினா தானே எழும்.

பங்கு என்னும் சொல்

காங்கேயத்தை அடுத்த கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, தமிழ் வட்டார நாவலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரோடு ஒரே குடும்பத்தில் வாழ்கிறாள். கெட்டியப்பனும் மணியக்காரரும் தூண்ட, தன் கணவனுக்குரிய பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கிறாள். அக்கேள்வி சின்னப்பனின் கொலையில் முடிகிறது.

நாவலின் இயக்கம் முழுவதையும் ‘பங்கு’ என்னும் ஒற்றைச் சொல் தாங்குகிறது. அக்காலச் சட்டம் நாகம்மாளுக்கு முழுத்துணையாக இல்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் வரையறுக்கப்பட்ட உரிமையை வழங்கியது. ஆனால், மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கு அது செல்லாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் வேளாண் நிலத்துக்கும் அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது 1947இல்தான். நாவல் வெளிவந்த 1942, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டு. நாகம்மாள் சட்டத்தின் துணையோடு பேசவில்லை. ஆயினும் அவள் கேட்பது ஊராருக்குப் புரிகிறது. ஆதரிப்பவர், எதிர்ப்பவர், தூண்டிவிட்டுக் குளிர்காய்பவர் ஆகிய அனைவரும் பங்கு என்றால் இன்னதென அறிந்தவர்கள். பூசல் உரிமையின் அளவு குறித்ததும் அதனைக் கேட்பவள் ஒரு பெண் என்பது குறித்ததுமே. உரிமை என ஒன்று உண்டா என்பது குறித்ததன்று.

சீர்காடு

‘சோளகர் தொட்டி’யின் முற்பாதி இதற்கு நேர்மாறான ஓர் உலகில் தொடங்குகிறது. தொட்டி என்பது சோளகர் குடியிருப்பு. கொத்தல்லி அதன் தலைவர். மணிராசனை வணங்குவதும், கேழ்வரகு விதைப்பதும், தேனெடுப்பதும், வேட்டையாடுவதும், பீனாச்சி இசைக்கு ஆடுவதும் அங்கே வாழ்க்கை. இவற்றை வருணிக்கையில் பாலமுருகன் கவித்துவத்தை நாடவில்லை. வெயிலும் பசியும் சில வரிகளில் சொல்லப்பட்டுக் கடந்துவிடுகின்றன. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963), பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலத்தின் அளவுகோலாக்கிப் படகர் வாழ்வைச் சொன்னது. பாலமுருகனின் மலையில் அத்தகைய அழகிய அளவுகோல் எதுவும் இல்லை. விதைப்பும் அறுப்பும், வனக்காவலரின் வருகையுமே அங்குக் காலத்தை அளக்கின்றன.

தொட்டியார் பண்படுத்திய விளைநிலம் சீர்காடு எனப்படுகிறது. அதில் முன்னோர் உழைப்பு உண்டு, தெய்வத்தின் காவல் உண்டு, யார் எங்கே விதைப்பது என்ற முறையும் உண்டு. இல்லாதது காகிதம் ஒன்றே. கீழ்நாட்டிலிருந்து வருபவன் அக்காகிதத்தைக் கொண்டுவருகிறான். அதிகாரத்தின் துணையையும் உடன் கொண்டுவருகிறான். நிலம் கைமாறும்போது தொட்டியாரிடம் அதனைத் தடுக்க ஒரு சொல் இல்லை. நாகம்மாளிடம் இருந்த ‘பங்கு’ போன்ற சொல், எதிராளிக்கும் பொருள்படும் சொல், அவர்களிடம் இல்லை. ‘இது எங்கள் சீர்காடு’ என்பது அவர்களுக்குள் முழுமையான கூற்று. அலுவலகத்துக்கோ அது பொருளற்ற ஓசை. நாவலின் மையத் துயரம் இங்கேயே நிகழ்ந்துவிடுகிறது.

இதற்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவிக்க வகைசெய்தது. அறிவிக்கும் முன் உரிமை கோருவோர் முறையிடலாம் என்ற ஏற்பாடும் அச்சட்டத்தில் இருந்தது. எனினும் எழுத்தறியாத மலைமக்களுக்கு, அறிவிக்கை வழியே நடைபெறும் ஒரு முறையீடு எட்டாத தொலைவிலேயே இருந்திருக்கும். அதன்பின் வேட்டை குற்றமாயிற்று, காடெரித்துப் பயிரிடல் குற்றமாயிற்று, சேகரிப்பு இசைவுக்குரியதாயிற்று. வாழ்வதே குற்றமாகும் நிலையில் எந்த அலுவலரும் எந்த நேரமும் எவரையும் பிடிக்கலாம்.

உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கையும் கூறி, பாரியின் பறம்பை வேந்தர் முற்றுகையால் வெல்ல இயலாது எனக் கபிலர் புறநானூற்றில் உரைப்பார். மலைமக்கள் தம் மலையை உண்டு வாழ இயலும் வரை அவர்கள் தோற்பதில்லை என்பதே அக்கூற்றின் உட்பொருள். அந்நான்கின் மீதும் இசைவுச்சீட்டு வந்து அமர்ந்தபோது என்ன நேரும் என்பதைச் சோளகர் தொட்டியின் முற்பாதி காட்டுகிறது.

தெய்வத்தின் மலையில் ‘ஒர்க்‌ஷாப்’

பிற்பாதி, வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தைக் களமாகக் கொண்டது. தமிழக, கர்நாடக அதிரடிப் படையினரின் விசாரணையில் சிக்கும் சிவண்ணா, மாதி, அவள் மகள் சித்தி ஆகியோரின் வழியே தொட்டியின் சிதைவு சொல்லப்படுகிறது. நாவலாசிரியர் வழக்கறிஞர், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் இயங்கியவர், பாதிக்கப்பட்டோரின் வாய்மொழிகளை நேரில் கேட்டவர். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பணித்தது. எனவே நாவலின் கொடுமைகள் கற்பனையின் மிகை எனத் தள்ளத்தக்கவையல்ல.

மாதேஸ்வரன் மலையில் இயங்கிய சித்திரவதைக் கூடத்துக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். பழுதான எந்திரங்களைச் சீராக்கும் இடத்தின் பெயரை, மனித உடல்களைச் சிதைக்கும் இடத்துக்குச் சூட்டிய அலுவல் நகைச்சுவையை நாவல் விளக்கவில்லை. அச்சொல்லை அப்படியே புழங்கவிடுகிறது. அவ்வாறு விட்டது நாவலாசிரியரின் சிறந்த முடிவுகளுள் ஒன்று. அம்மலையோ சோளகரின் தெய்வமலை. மாதேஸ்வரனின் மகனாகக் கருதப்படும் காரய்யனின் வழிவந்தோராகத் தம்மைக் கொள்ளும் மரபு சோளகரிடையே உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் முதலாவதாகத் தெய்வத்தை வைக்கிறது. இங்கே நிலம் முதலில் பறிபோகிறது. அடுத்து, தெய்வத்தின் இருப்பிடமே வதைக்களமாகிறது. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை இந்நாவலோடு பொருத்துவோர் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சிலப்பதிகாரத்தில் திரிபுக்குக் காரணம் வேனில். இங்கே மழை பெய்கிறது, காடு பசுமையாகவே இருக்கிறது; மனிதர் மட்டும் பாலையில் நிற்கின்றனர்.

முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் உள்ள பிணைப்பு இவ்விடத்தில் தெளிவாகிறது. தேடப்பட்ட ஒருவனுக்கு உதவியதாக ஐயுறப்பட்டவர்கள் மலையில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். ஆயினும் ஊர் முழுதும் கூண்டோடு ஐயத்துக்குள்ளாவது, ஏற்கெனவே சட்டத்தின் கண்ணில் அத்துமீறியோராக எழுதப்பட்ட மக்களுக்கே நேர்கிறது. பட்டா உடையவன் சாட்சி. பட்டா அற்றவன் ஐயத்துக்குரியவன். இரு பாதிகளும் ஒட்டவில்லை என்று கூறப்படும் குறையை இந்நோக்கில் மறுபரிசீலனை செய்யலாம்.

நாவலின் வரம்புகள்

எனினும் குறைகள் இல்லாமலில்லை. பிற்பாதியில் வதைக்காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் உண்மை என்பதற்காக ஒவ்வொன்றும் புனைவுக்குத் தேவை என்றாகாது. ஒரு கட்டத்துக்குப் பின் வாசகர் அதிர்வதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்குகிறார். வழக்கறிஞரின் முறையீட்டில் எந்த நிகழ்வையும் விட முடியாது, நாவலாசிரியர் விட்டிருக்கலாம். கு. சின்னப்பபாரதியின் ‘சங்கம்’ (1985), கொல்லிமலை மக்களின் துயரத்துக்கு அமைப்பாதலை விடையாக வைத்தது. பாலமுருகன் அத்தகைய விடை எதனையும் வலிந்து புகுத்தவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

மொழி குறித்த சிக்கல் இதனினும் ஆழமானது. சோளகரின் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. நாவல் தமிழில் இயங்குகிறது. கொத்தல்லி, சீர்காடு, பீனாச்சி போன்ற சில சொற்கள் கூழாங்கற்கள் போல இடையிடையே கிடக்கின்றன. ஓடுவது சமவெளியின் நீர். சண்முகசுந்தரத்துக்கு இச்சிக்கல் இல்லை. அவர் மாந்தர் பேசிய மொழியும் அவர் கேட்டு வளர்ந்த மொழியும் ஒன்றே. ஒடியன் லட்சுமணன் இருளர் மொழியிலேயே கவிதை எழுதித் தமிழ் எழுத்தில் அச்சிட்டது, இவ்வரம்பைக் கடப்பதற்கான வேறொரு வழி. சீர்காட்டை இழந்தோர், அவ்விழப்பைச் சொல்லும்போதும் கீழ்நாட்டாரின் மொழியைக் கடன்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்காக நாவலாசிரியரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் ‘பழங்குடியினரின் குரல்’ என்று இந்நாவலைப் போற்றும் கட்டுரைகள் இந்த இடைவெளியைக் குறிப்பிடாமல் செல்வது பொருந்தாது.

வாய்மொழி சான்றாதல்

நாவல் வெளிவந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 2006இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2008இல் வகுக்கப்பட்ட விதிகள் உரிமைக்கான சான்றுகளைக் கூறுமிடத்து, உரிமை கோருவோர் அல்லாத மூத்தோரின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து அளிப்பதையும் ஏற்கின்றன. காகிதம் இல்லாத நிலத்துக்கு நினைவே ஆவணமாகலாம் என்று சட்டம் இசைந்தது. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பின்னர், அந்த இசைவுக்கு அப்பகுதியில் பொருள் இன்னும் கூடியுள்ளது.

அச்சட்டத்தின் மற்றொரு கூறு இவ்விரு நாவல்களையும் நேரடியாகச் சந்திக்க வைக்கிறது. மணமானோருக்கு வழங்கப்படும் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்பட வேண்டும். குடும்பத் தலைமை ஒருவரே எனில் அவர் பெயரிலேயே பதியப்பட வேண்டும். 1942இன் காங்கேயத்துக் கைம்பெண் ஊரை எதிர்த்துக் கேட்டதை, மாதி போன்ற ஒரு மலைப்பெண் கிராம சபையில் விண்ணப்பமாகக் கேட்கலாம். அவள் விண்ணப்பத்துக்கு, சீர்காட்டின் எல்லைகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர் எவரேனும் தொட்டியில் எஞ்சியிருக்க வேண்டும்.