கெர்பல் விளையாட எத்தனை வயசு ஆகணும்?

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "பையனுக்கு ஏழு வயசு ஆகுது சார். ராக்கெட்னா உயிரை விடுறான். அந்த கெர்பல் கேம் வாங்கித் தரலாமா?"

"தாராளமா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. இதே வேலையை நான் 2019லேயே செய்து கெடுத்து வைத்திருக்கிறேன். "ரெண்டு நாள் டைம் கொடுங்க, எழுதி அனுப்புறேன்" என்றேன். அந்தப் பதில் நீண்டுபோய் இந்தப் பதிவாகிவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஒரு விண்வெளி சிமுலேஷன் விளையாட்டு. மெக்சிகோ நகரத்தில் மார்க்கெட்டிங் வேலை செய்துகொண்டிருந்த ஸ்குவாட் என்ற நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முன் அவர்கள் கேம் எதுவும் செய்ததில்லை. அங்கே வேலை பார்த்த பிலிப்பே ஃபலாங்கே சின்ன வயதில் தகரத்தாளில் பொம்மை செய்து பட்டாசு ராக்கெட்டில் கட்டி விடுவாராம். அந்தப் பொம்மைகளின் பெயர்தான் கெர்பல். முதல் பதிப்பு 2011 ஜூன் 24ல் வந்தது, முழுமையான 1.0 பதிப்பு 2015 ஏப்ரலில். என்ஜின், எரிபொருள் தொட்டி, கேப்சூல் எல்லாவற்றையும் நாமே அடுக்கி ராக்கெட் செய்ய வேண்டும். பிறகு நாமே ஓட்ட வேண்டும். பெரும்பாலும் வெடிக்கும்.

அட்டையில் இருக்கும் வயது

அமெரிக்காவின் தர அமைப்பு இதற்குக் கொடுத்த சான்று "எல்லோருக்கும்". நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அந்த எழுத்துக்கு அர்த்தம் வேறு. ரத்தம் உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்பதைத்தான் இந்த அமைப்புகள் பார்க்கின்றன. ஐரோப்பாவின் பெகி அமைப்பு வெளிப்படையாகவே சொல்கிறது: எங்கள் வயது எண் உள்ளடக்கத்துக்குத்தான், கடினத்துக்கு இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் சதுரங்கமும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றதுதான்!

ஆக, அட்டை சொல்வது "இது உங்கள் குழந்தையைக் கெடுக்காது". "உங்கள் குழந்தைக்கு இது புரியும்" என்று அது சொல்லவே இல்லை. அந்த இரண்டாவது கேள்விக்கு நாமதான் பதில் தேட வேண்டும். என் கையில் இருப்பது மூன்றே மூன்று பேர்: என் பையன், அக்கா மகள், நான். ஆய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். குறிப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயதில் நடந்தது

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2ன் விக்ரம் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது நினைவிருக்கும். பையன் தூங்காமல் என் மடியில் உட்கார்ந்து பார்த்தான். "ஏம்ப்பா விழுந்துச்சு?" என்றான். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரமே கெர்பலை வாங்கினேன்.

முதல் பத்து நாள் அமர்க்களம். அவன் கட்டியது ராக்கெட் மாதிரியே இருக்காது. பென்னாகரம் ரோட்டில் கரும்பு லாரி போகிற மாதிரி பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். பற்றவைத்தால் ஆளுக்கொரு திசையில் பறக்கும். விழுந்து விழுந்து சிரிப்பான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பி.இ. படித்த புத்தி விடவில்லை. "இப்படி வைக்கக்கூடாது, எடை மையம் எங்க இருக்கு பாரு" என்று ஆரம்பித்தேன். "இப்ப சாய்க்கணும், இப்ப என்ஜினை நிறுத்தணும்" என்று மவுஸைப் பிடுங்கினேன். கடைசியில் ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போனது, ஆனால் ஓட்டியது நான். திரும்பிப் பார்த்தால் பையன் அடுத்த ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் நாலு வருஷம் அந்த ஐகானை அவன் தொடவில்லை.

வயது குறைவு என்று அப்போது எழுதி வைத்தேன். இன்றைக்கு அந்தக் குறிப்பைத் திருத்துகிறேன். ஏழு வயதுக்கும் இதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கட்டு, கொளுத்து, சிரி. அது முழுமையான விளையாட்டு. நான் அவனை விளையாடச் சொன்னது அதற்கு அடுத்த விளையாட்டை.

மேலே போவது வேறு, சுற்றுவது வேறு

அந்த அடுத்த விளையாட்டின் வாசற்படி ஒரே ஒரு கருத்து. விண்வெளிக்குப் போவது என்றால் மேலே போவது என்று நினைக்கிறோம். மேலே போவது சின்ன வேலை. பக்கவாட்டில் வேகம் எடுப்பதுதான் பெரிய வேலை.

கெர்பல்களின் கிரகம் கெர்பின். அதன் ஆரம் 600 கிலோமீட்டர், அதாவது நம் பூமியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் தரையில் ஈர்ப்பு நம்முடையதேதான். காற்று 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், நேராக 80 கிலோமீட்டர் உயரம் தொட விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் வேகம் போதும். அந்த உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க பக்கவாட்டில் சுமார் 2,280 மீட்டர் வேண்டும். நம் பூமியில் இந்த இடைவெளி இன்னும் மோசம். பூமிக்கு அருகே சுற்ற விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் தேவை.

"இவ்வளவு சின்ன கிரகத்துக்கு அவ்வளவு ஈர்ப்பா, பொய்யில்லையா?" என்று கேட்கலாம். பொய்தான். கெர்பினின் அடர்த்தி பூமியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வர வேண்டும், அப்படி ஒரு பாறை கிடையாது. ஆனால் சிமுலேஷன் என்றாலே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வுதான். நம்ம பக்கத்து நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலிருந்து அனார்த்தசைட் பாறை மண்ணை எடுத்துப்போய்த்தான் இஸ்ரோ சந்திரயானுக்கு நிலவுத் தரை மாதிரி அமைத்தது. அது நிலவு இல்லை. ஆனால் சோதிக்க வேண்டிய விஷயத்தில் நிலவு மாதிரி. கெர்பலும் அப்படித்தான். அளவைச் சுருக்கி, பாதையின் வடிவத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நிஜ அளவே வேண்டும் என்பவர்களுக்கு மார்ட்டின் ஷ்வைகர் 2000ல் வெளியிட்ட ஆர்பிட்டர் இருக்கிறது, இலவசம். அதைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பிய சமயம், பாலக்கோட்டிலிருந்து அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று, எட்டாம் வகுப்பு. கெர்பலைத் திறந்து கொடுத்துவிட்டு, இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு நேராக மேலே அனுப்பினாள். மூன்று ஞாயிறும் விழுந்தது.

"ஏன் மாமா, இவ்ளோ உயரம் போயும் விழுது?"

"தீர்த்தமலை உச்சியில நின்னு கல்லை எறிஞ்சா என்னாகும்?" என்று மட்டும் கேட்டேன். நியூட்டன் மலைமேல் பீரங்கி வைத்துக் கேட்ட அதே கேள்விதான்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "இன்னும் வேகமா எறிஞ்சா இன்னும் தள்ளி விழும். ரொம்ப வேகமா எறிஞ்சா... அப்போ அது விழுந்துக்கிட்டேதான் மாமா இருக்கு. தரைதான் வளைஞ்சு விலகிப் போகுது."

அடுத்த முயற்சியில் பத்து கிலோமீட்டரிலேயே ராக்கெட்டைச் சாய்த்தாள். அன்று சாயங்காலம் சுற்றுப்பாதை. பக்கத்தில் என் பையன், அப்போது பதினொன்று, மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

கண்ணெதிரில் இல்லாததை "இப்படி இருந்தால்" என்று வைத்து யோசிக்கும் திறன் 11, 12 வயதை ஒட்டி வருகிறது என்றார் ழான் பியாஜே. எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இல்லை அது. ஆனாலும் என் வீட்டில் அந்த எண் பொருந்தியது.

முப்பத்தைந்து வயது மாணவர்

அப்படியென்றால் வயது ஏற ஏற சுலபமா? இல்லை. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? சாலைப் பழக்கம் ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லும். மிதித்தால் பாதை உயர்ந்து, சுற்றும் நேரம் கூடி, நாம் பின்தங்குவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும்.

1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட் தேர்ந்த சோதனை விமானி, வயது 35. தன் ராக்கெட்டின் கழன்ற மேலடுக்கை நெருங்க, அதை நோக்கி நேராக உந்தினார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள். இதே தப்பை அக்கா மகளும் செய்தாள், நானும் செய்தேன். நம் இஸ்ரோ ஸ்பேடெக்ஸ் கலங்களை 2025 ஜனவரி 16ல் இணைத்தபோது ஏன் அவ்வளவு நிதானம் என்பது, கெர்பலில் நாலு முறை மோதியவர்களுக்கு நன்றாகவே புரியும். ஓட்டிப் பழகிய வயதில் வருபவர்களுக்கு மறக்க வேண்டியதும் அதிகம்.

மூன்றாவது விளையாட்டும் ஒன்று உண்டு: கிளம்பும் முன்பே எரிபொருளைக் கணக்குப் போடுவது. இதற்குச் சியோல்கோவ்ஸ்கி 1903ல் வெளியிட்ட சமன்பாடு வேண்டும், அதில் மடக்கை வரும். புகை விநாடிக்கு 3 கிலோமீட்டரில் வெளியேறும் ராக்கெட், தானும் 3 கிலோமீட்டர் வேகம் பெற, கிளம்பும் எடை முடியும் எடையைப் போல 2.7 மடங்கு இருக்க வேண்டும். 6 கிலோமீட்டர் வேண்டுமென்றால் 7.4 மடங்கு. சந்திரயான்-3 நேரே நிலவுக்குப் போகாமல் பூமியை வளைய வந்து ஐந்து முறை பாதையை நீட்டிக்கொண்டதன் பின்னால் இந்தக் கணக்கின் கஞ்சத்தனம் இருக்கிறது. மடக்கையும் ஈர்ப்பியலும் நம் பாடத்திட்டத்தில் ஒழுங்காக வருவது பதினொன்றாம் வகுப்பில்.

குறைகள்

பாராட்டியே முடிக்க மனசில்லை. இதன் பயிற்சிப் பாடங்கள் மோசம், எதற்கு என்று சொல்லாமல் எதை அழுத்து என்று மட்டும் சொல்லும். மிச்சமுள்ள வேகக் கணக்கைத் திரையில் காட்டும் வசதி 2018 டிசம்பரில் 1.6 பதிப்பில்தான் வந்தது. அதுவரை தாளும் பேனாவும்தான். கேரியர் முறையில் ஆள் ஏறும் கேப்சூல் முதலில், ஆளில்லாக் கலம் பிறகு. ஸ்புட்னிக் 1957, ககாரின் 1961 என்ற வரலாற்றுக்கு நேர்த் தலைகீழ். பிள்ளைகளை முதலில் சாண்ட்பாக்ஸ் முறையில் விடுங்கள்.

மொழி இன்னொரு சுவர். சீனம், ஜப்பானியம், ரஷ்யன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. அக்கா மகள் தமிழ் வழி. அவளைத் தடுத்தது இயற்பியல் இல்லை, பட்டன்மேல் இருந்த ஆங்கிலம்தான். ஒரு தாளில் நாற்பது சொல்லை எழுதி ஒட்டிக் கொடுத்தேன்: சேய்மைப் புள்ளி, அண்மைப் புள்ளி, உந்துவிசை. சரியாகிவிட்டது.

கெர்பல் 2 வாங்காதீர்கள். 2023 பிப்ரவரியில் அரைகுறையாக வந்தது, அடுத்த வருடமே அதைச் செய்த ஸ்டுடியோ மூடப்பட்டது.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இந்த விளையாட்டு முழுசாகப் பொருந்தும் வயது 15லிருந்து 17. பாடமும் விளையாட்டும் கைகோக்கும் வயது அதுதான். நம்ம ஊரில் அந்த வயதுப் பிள்ளைக்கு லேப்டாப்பைத் திறக்க அனுமதி கிடையாது. பத்தாவது பொதுத்தேர்வு, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு, நடுவில் நீட், ஜே.இ.இ. கோச்சிங். அக்கா மகள் இந்த வருடம் பத்தாவது. ஞாயிற்றுக்கிழமை டியூஷன். அவள் கடைசியாகச் சேமித்த கலம் இன்னும் என் லேப்டாப்பில் மன் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அக்காவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மதிப்பெண்ணுக்கு இருக்கும் நியாயம் எனக்கும் தெரியும்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. ஏழு வயதில் வாங்கிக் கொடுங்கள், ஆனால் பொம்மையாக. நிலவு, சுற்றுப்பாதை என்று பேச்செடுக்காதீர்கள். அவன் வெடிக்க வைக்கட்டும். பதினொன்று ஆனதும் மறுபடி மேசைமேல் திறந்து வையுங்கள். எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கும் இரண்டு வருடம்தான் நம்ம பிள்ளைகளுக்கு இதற்கான ஜன்னல். அதைத் தவறவிட்டால் அடுத்தது பத்தாவது தேர்வு முடிந்த கோடை விடுமுறை. எந்த வயதிலும் மவுஸ் உங்கள் கைக்கு வரக்கூடாது.

அனுப்பியதும் நண்பர் திரும்பக் கேட்டார்: "நீங்க எந்த வயசுல சார் கத்துக்கிட்டீங்க?"

முப்பத்தெட்டில் ஆரம்பித்தேன். இப்போது நாற்பத்து நாலு. ஈவ் கிரகத்தில் இறக்கிய மூன்று கெர்பல்களைத் திருப்பிக் கொண்டுவர இன்னும் தெரியவில்லை. பையன் இப்போது எட்டாவது. போன ஞாயிறு பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "நகருப்பா, நான் பாக்கறேன்" என்றான்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.