பேரழிவு இறைதண்டனையா? கிறிஸ்தவ மரபின் அளவுகோல்கள்

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியெழுப்பிய அலை இலங்கையின் வடக்கே வடமராட்சிக் கரையையும் அடித்தது. கிழக்கே மணற்காடு, உடுத்துறைப் பக்கம் இழப்பு மிகப் பெரிது. "என்ன பாவம் செய்தோமோ" என்ற பேச்சு செத்த வீடுகளிலேயே எழுந்தது. அதே வடமராட்சியின் வல்வெட்டித்துறை பெரும்பாலும் சைவ ஊர். அங்கே வினைப்பயன் என்பார்கள். கிறிஸ்தவ வீட்டில் அதுவே ஆண்டவரின் தண்டனை என்று வரும்.

அப்படிச் சொல்ல அவர்களின் மதம் இடங்கொடுக்கிறதா? விவிலியத்தில் தண்டனையே இல்லையென்று மழுப்ப முடியாது. நோவா காலத்து வெள்ளமும் சோதோமின் நெருப்பும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்த இடங்களில் அழிவுக்கு முன்னரே இறைவாக்கு வந்துவிடுகிறது. நினிவே மனந்திரும்பியதும் தண்டனையே நின்றுபோகிறது. அழிவு முடிந்தபின் காரணம் கற்பித்தவர்கள் யோபின் நண்பர்கள். கடவுள் கோபித்தது யோபை அல்ல, அவர்களை. லூக்கா 13 இல் இயேசு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமின் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர். கேட்டவர்களைத்தான் மனந்திரும்பச் சொல்கிறார்.

பின்வந்த மரபு ஒரே குரலில் பேசவில்லை. ஆதிப்பாவத்தால் மனித இனம் முழுவதும் துன்பத்துக்கு ஆளானது என்றார் அகுஸ்தீனார். ஆண்டவரின் கட்டளையின்றி ஒரு துளி மழையும் விழாது என்ற கல்வினே, அவர் நோக்கம் பெரும்பாலும் நமக்கு மறைவானது என்றும் எழுதினார். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் லிஸ்பன் நகரம் நடுங்கியபோது ஆலயங்கள் வழிபட வந்தோரின் தலையிலேயே இடிந்தன. அதைத் தண்டனை என்றார் இயேசுசபைக் குரு மலாகிரிதா; ஜோன் வெஸ்லியும் அந்தப் பக்கமே சாய்ந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியை வளர்த்த மெதடிஸ்த சபையின் தந்தை அவர் என்பதற்காக இதை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. 1934 பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தியடிகளே திருநெல்வேலியில் சொன்னார், தாகூர் மறுத்தார். நல்லவர்களும் சறுக்கும் இடம் இது.

1992 இன் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி, படைப்பு இன்னும் நிறைவை நோக்கிப் பயணத்தில் இருப்பதாலேயே இயற்கைத் தீமையும் உண்டு என்கிறது. எனக்கு ஏற்புடைய விளக்கம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2004 அலையில் வேளாங்கண்ணியில் பேராலயம் தப்பியதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்களே, அவர்களை மாதா கைவிட்டாரா? தப்பியவனைத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்பதும் செத்தவன்மேல் எழுதும் தீர்ப்புத்தான்.

கடவுள் தண்டிக்க வல்லவர் என்பதைக் கிறிஸ்தவம் மறுக்கவில்லை. இன்ன அழிவு இன்னாருக்கான தண்டனை என்று சொல்லும் உரிமையை நமக்குத் தரவில்லை. டிசம்பர் 26 இல் உடுத்துறை நினைவிடத்தில் பேச அழைக்கப்படும் குருமாரும் போதகர்களும் லூக்கா 13 ஐ ஒருமுறை வாசித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடிக்கவேண்டும்.