வேண்டுதலை விசாரித்த நூல்

இறைவனிடம் ஒன்றை இரந்து நிற்பவன், இரக்கும் அப்பொருளை மெய்யாகவே விரும்புகின்றானா? இக்கேள்வியைப் பிறர்மீது ஏவுதல் எளிது. தன் நெஞ்சையே கூண்டிலேற்றி விசாரித்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்த கிறிஸ்தவ நூல்களுள் தலையாயது, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீனார் (354–430) இலத்தீன் மொழியில் இயற்றிய ‘கன்பெஸியோனெஸ்’ என்பது நமது துணிபு. கி.பி. 397-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகளில் எழுதப்பெற்ற இந்நூல் 13 பகுதிகளையுடையது.

நூலின் பெயரே சிந்திக்கத்தக்கது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், இறைவனைப் புகழ்தல் ஆகிய இரண்டையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற சொல்லிலும் பாவமும் கீர்த்தனமும் கைகோத்து நிற்பதை அன்பர்கள் நோக்குக. தொடக்கமுதல் முடிவுவரை நூல் முழுதும் இறைவனை முன்னிலைப்படுத்திய செபமாகவே அமைந்துள்ளது. எல்லாம் அறிந்தவனிடம் எதற்காக இவற்றையெல்லாம் சொல்லவேண்டும்? அறியாமை கேட்பவனிடத்தில் இல்லை, சொல்பவனிடத்திலேயே உள்ளது. தம்மைத் தாம் அறிதற்கே அவர் சொல்லுகின்றார்.

இளமையில் தாம் புலனடக்கத்தை வேண்டியதையும், அவ்வேண்டுதலோடு தாமதத்தையும் சேர்த்தே கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. செபம் உடனே பலித்துவிடுமோ என்று அஞ்சியதாகவும் எழுதுகின்றார். வாய் ஒன்றை இரக்க, நெஞ்சு அதனைத் தடுக்கும் இந்நிலையை நம்மில் அறியாதார் யார்?

பெற்ற தாயின் செபத்தையும் அவர் விசாரணைக்குக் கொணர்கின்றார். 383-இல் மகன் உரோமைக்குக் கப்பலேறாதிருக்க வேண்டுமென்று, கார்த்தேஜ் துறைமுகத்தருகே மோனிக்கம்மாள் கண்ணீர் வடித்து மன்றாடினார். மகனோ அன்னையை ஏமாற்றி இரவோடிரவாகப் புறப்பட்டார். மகன் நல்வழி திரும்பவேண்டுமென்பதே அன்னையின் நெடுநாளைய வேண்டுதல். கடல் கடந்தபின் மிலான் நகரில் 386-இல் அது நிறைவேறிற்று. அன்றைய வேண்டுதல் மறுக்கப்பட்டதனாலேயே என்றைய வேண்டுதலும் பலித்தது என்பது ஆசிரியர் முடிபு. அன்னையின் ஏக்கத்தில் மகனைப் பிரியமாட்டாத உலகப் பற்றும் கலந்திருந்தது என்று கூறவும் அவர் தயங்கவில்லை.

பத்தாம் பகுதியே நம்மை மிகவும் கவர்வது. மேற்றிராணியாரான பிறகும் அவர் விசாரணையை முடித்துவிடவில்லை. ஆலயத்தில் பாடல் கேட்டு உருகும்போது, உருக்கியது பொருளா, இசையா என்று ஐயுறுகின்றார். வீண்புகழை வெறுக்கின்றேன் என்னும் எண்ணமே மற்றொரு வீண்புகழாவதையும் கண்டுகொள்ளுகின்றார். பணிவுக்குள் பதுங்கியிருக்கும் செருக்கை இவ்வளவு நுட்பமாகத் துருவிக் காட்டிய எழுத்து மிகச் சில.

எனினும், நாம் சொல்லாமல் விடலாகாத குறை ஒன்று உண்டு. அகுஸ்தீனாரோடு பல்லாண்டுகள் வாழ்ந்து, ஒரு மகனையும் ஈன்ற மாதொருத்தி இருந்தாள். வேறொரு பெண்ணை மணம் பேசியபோது, தடையென்று கருதப்பட்டு, மகனை விட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். பேசிய பெண்ணோ மணவயதுக்கு இரண்டாண்டு குறைந்த சிறுமி. அதுவரை பொறுக்கமாட்டாது வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும், பிரிவால் தம் நெஞ்சு புண்பட்டதையும் ஆறாம் பகுதியில் அவரே எழுதுகின்றார். ஆனால் அம்மாதின் பெயரை நூலில் எங்கும் காணோம். அவள் நெஞ்சு பட்ட பாட்டை ஒரு வினாவாகவேனும் அவர் எழுப்பவில்லை. தம் இச்சைக்குத் தாம் அடிமையானது பாவமென்று கண்ட கண், அவ்விச்சையால் மற்றொருத்தி இழந்ததைக் காணவில்லை.

பழங்காலத்து வழக்கம் அது என்று சமாதானம் கூறுவாருளர். பாட்டின் இனிமையையும் ஐயுற்ற ஒருவருக்கு அச்சமாதானம் பொருந்தாது. நோக்கத்தை ஆராய்பவன் தன் உள்ளத்தோடு நின்றுவிடின் அவ்வாராய்ச்சி பாதியளவினதே. ‘என் வேண்டுதல் தூயதா?’ என்ற வினாவோடு, ‘அது பலித்தால் அழப்போவது யார்?’ என்ற வினாவும் எழவேண்டும். முதல் வினாவை அகுஸ்தீனாரைப்போல் கேட்டவர் அரியர். இரண்டாம் வினாவை, எச்சமயத்தவராயினும், கைகூப்புமுன் நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நூலின் பெருமையும் குறையும் சேர்ந்தே நமக்கு அதனைக் கற்பிக்கின்றன.