புகையைப் பற்றிய ஒரு நூல்

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டால், பிராட்ஃபர்டு ஹில் ஆகியோர் 1950 இலேயே பிரிட்டனில் ஆய்ந்து வெளியிட்டனர். ஆயினும், மருத்துவ இதழில் வந்த அக்கட்டுரையால் சிகரெட் விற்பனை குறைந்துவிடவில்லை.

ஆய்வை மக்களிடம் கொண்டுசெல்ல, லண்டன் அரச மருத்துவர் கல்லூரி 1962 இல் 'புகைபிடித்தலும் உடல்நலமும்' என்னும் அறிக்கையை நூலாக வெளியிட்டது. இதன் சிறப்புகள் இரண்டு. ஒன்று, பொதுமக்களும் படித்துணரத்தக்க தெளிவு. மற்றொன்று, தீங்கைக் கூறுவதோடு நில்லாமல் தீர்வையும் கூறுவது. விளம்பரக் கட்டுப்பாடு, வரி உயர்வு, சிறுவர்க்கு விற்பதைத் தடுத்தல், பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்தல் ஆகியவை அவற்றுள் சில.

குறை யாது? அரசு செய்யத்தக்கவற்றை அறிக்கை அடுக்குகிறது. ஆனால், எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று வரையறுக்கவில்லை. தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1965 இல் தடை செய்யப்பட்டது. மூடிய பொது இடங்களில் புகைபிடிக்க இங்கிலாந்தில் தடை வந்ததோ 2007 இல்; அதாவது 45 ஆண்டுகள் கழித்து! தாமதத்திற்கு அறிக்கை மட்டுமே காரணமன்று. புகையிலை வரியால் கருவூலத்திற்குக் கிடைத்த வருவாயும் குறுக்கே நின்றது. ஆனால், அந்த இடைக்காலத்தில் இழந்த உயிர்கள் மீளமாட்டா.

பரிந்துரைகளைப் படிக்கும் மாணவர்கள், "யார் செய்வது? எப்போதுக்குள்?" என்று கேட்டுப் பழகுதல் நன்று.